நாற்பதுக்கு மேல் ‘சிவகாமியின் சபதம்’

சின்ன வயசில் உயிராக நேசித்த நாவலை நடுவயதில் மறுபடி எடுக்கப் பலருக்கும் பயம் இருக்கிறது. அந்தப் பழைய சந்தோஷம் கெட்டுப்போய்விடுமோ என்ற பயம். "இப்போ படிச்சா சப்புன்னு இருக்கும்டி, அப்படியே விட்டுடு" என்று என் சிநேகிதி ஒருத்தி சொன்னாள். எனக்கு விட மனசு வரவில்லை. போன மழைக்காலத்தில் கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ நாலு பாகத்தையும் அவசரப்படாமல் படித்து முடித்தேன். சந்தோஷம் அப்படியே இருந்தது. ஆனால் கதைக்குள்ளே நான் யார் பக்கம் நின்றேனோ, அந்த இடம் மாறிவிட்டது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளும்.

எங்கள் வீடு காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில். அப்பா தறிக்காரர். கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்கு மூன்று நாடா வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. கரை வேறு நிறம், உடல் வேறு நிறம். இரண்டும் சேருகிற இடத்தில் ஒவ்வொரு ஊடைக்கும் இழையோடு இழையைப் பூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரே ஆள் இதைச் செய்ய முடியாது. அந்தப் பக்கத்துக் கரை நாடாவைப் போடப் பக்கத்தில் இன்னொருத்தர் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா உட்காருவாள். கையும் காலும் கண்ணும் தறியோடு கட்டுப்பட்டிருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுகளுக்காகத்தான் நான் கதை படித்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தறிக்குழி ஓரமாக உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன். நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகம், அட்டை போய், முதல் சில பக்கங்களும் போய், இளைஞன் பரஞ்சோதி காஞ்சிக்கு நடந்து வருகிற இடத்திலிருந்துதான் தொடங்கும். இழை அறுந்தால் கதையும் நிற்கும். அப்பா குனிந்து முடிச்சுப் போட்டு நிமிர்ந்ததும் "ம், சொல்லு" என்பார். மதம் பிடித்த யானையின் மேல் பரஞ்சோதி வேலை எறிகிற அத்தியாயத்தை எத்தனையோ தடவை படிக்கச் சொல்லியிருக்கிறார். "இன்னொரு தபா படிம்மா" என்பார்.

அது எங்கள் ஊரில் நடக்கிற கதை. அதனால் எங்களுக்கு அதில் ஒரு உரிமை இருந்தது. ஏகாம்பரநாதர் கோயில் என்று எழுதியிருந்தால் அது போன வாரம் போய் வந்த கோயில். கோட்டை வாசல் என்று எழுதியிருந்தால் அது எந்தத் தெருவில் இருந்திருக்கும் என்று நானும் என் அண்ணனும் சண்டை போடுவோம். சிற்பி ஆயனர் வீடு கோட்டைக்கு வெளியே காட்டில் இருக்கிறது என்று கல்கி சொன்னதும் அதை ஓரிக்கைப் பக்கமே கொண்டுவந்து வைத்துவிட்டோம். பாலாற்றங்கரை மரங்களைக் காட்டி "இங்கதான்" என்று முடிவு செய்துகொண்டோம். அதற்கு மேல் ஆதாரம் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

அப்போது எனக்கு அந்தக் கதை யாருடையது என்று கேட்டிருந்தால் பல்லவ இளவரசர் மாமல்லருடையது என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன். சாளுக்கிய ராஜா புலிகேசி வந்தான், ஆயனர் மகள் சிவகாமியைப் பிடித்துப் போனான், அவள் சபதம் போட்டாள், மாமல்லரும் பரஞ்சோதியும் போய் வாதாபியைக் கொளுத்தினார்கள். நாலாம் பாகத்தில் வாதாபி எரிகிறபோது நான் எழுந்து நின்று படித்திருக்கிறேன்.

எங்கள் ஆயா மட்டும் எழவில்லை. திண்ணையில் ராட்டினத்தில் நூல் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்தப் பையன் மாறுவேசத்துல வந்து கூப்ட்டப்பவே அவ ஏன் வரல? வந்திருந்தா இத்தினி பேரு செத்திருக்க மாட்டாங்களே" என்றாள். கதையே தெரியாமல் பேசுகிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. இந்த முறை படிக்கும்போது ஆயாவின் கேள்வி பக்கத்துக்குப் பக்கம் கூடவே வந்தது. அந்தக் கேள்வியைக் கல்கியே கேட்டிருக்கிறார் என்பது இப்போதுதான் புரிகிறது. நாலாம் பாகத்துக்கு அவர் வைத்த பெயர் ‘சிதைந்த கனவு’. வெற்றி என்ற சொல் எங்குமே வராத தலைப்பு. பரஞ்சோதி யாத்திரை, காஞ்சி முற்றுகை, பிக்ஷுவின் காதல் என்று வந்து, பகைவன் தலைநகரம் தரைமட்டமாகிற பாகத்துக்குப் போய் இப்படி ஒரு பெயர். பத்து வயசில் நான் பாகத் தலைப்பையெல்லாம் படிக்கிறவள் இல்லை.

இப்போது எனக்கு இந்த நாவல் ஆயனருடையது.

சிற்பி ஆயனருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஏக்கம். அஜந்தா சித்திரங்களின் வர்ணம் நூற்றாண்டுகள் கழிந்தும் மங்காமல் இருக்கிறதாமே, அந்த வர்ணக் கலவையின் இரகசியம் என்ன? கதையில் படை வந்தாலும் பிரளயம் வந்தாலும் அவர் இதையேதான் கேட்டுக்கொண்டிருப்பார். சின்ன வயசில் அந்த இடங்களை நான் வேகமாகத் தாண்டிப் போவேன். சண்டை எப்போது வரும் என்று அவசரம். இன்றைக்கு அந்த இடங்களில்தான் நிற்கிறேன். காஞ்சிபுரத்தில் பட்டு வாங்க வருகிற எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "சாயம் போகாதுல்ல?" என்பதுதான். என் அப்பா ஒரு சேலையை முடித்து மடித்து வைக்கும்போது கரையின் அரக்குச் சிவப்பு உடலின் மஞ்சளில் இறங்கிவிடக்கூடாதே என்று கவலைப்பட்டது எனக்குத் தெரியும். கைத்தொழிலில் இருக்கிறவனுக்கு நிறம் நிற்பது மானப் பிரச்சினை. கல்கி அதை ஒரு சிற்பியின் பித்தாக எழுதிவைத்திருக்கிறார்.

அந்தப் பித்துதான் கதையின் அத்தனை துயரத்துக்கும் கதவைத் திறந்துவிடுகிறது. அஜந்தா இரகசியத்தைக் காட்டித்தான் நாகநந்தி என்ற பிக்ஷு அவரை நெருங்குகிறார். அதைக் கேட்டுவரத்தான் பரஞ்சோதி ஓலையோடு வடக்கே போகிறான். அந்த ஓலையில் இருப்பதோ புலிகேசிக்கான அழைப்பு. ஒரு மனிதனுக்குத் தன் தொழில் மேல் இருக்கிற ஆசையை அரசியல் இப்படித்தான் பயன்படுத்திக்கொள்ளும் என்று நாற்பது வயதுக்கு மேல்தான் நம்ப முடிகிறது. ஆயனர் ஏமாளி என்று அப்போது நினைத்தேன். இப்போது அவர் மேல் அளவில்லாத பிரியம் வருகிறது. புலிகேசி போகிற வழியில் சிற்பிகளின் கைகால்களை வெட்டச் சொல்கிற கட்டளை வருகிற பக்கத்தை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மறுநாள்தான் எடுத்தேன். தறி வீட்டில் வளர்ந்தவளுக்குக் கை என்றால் என்ன என்று தெரியும். ஒரு விரலில் வெட்டுக்காயம் பட்டால்கூட எங்கள் வீட்டில் அந்த மாதக் கணக்கு தலைகீழாகும்.

மாமல்லரின் அப்பா மகேந்திரவர்மரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்தான் என் அண்ணனுக்குப் பிடித்த பாத்திரம். வஜ்ரபாகு என்று மாறுவேடம், ஓலையைத் திருடி மாற்றி எழுதுகிற தந்திரம், நகைச்சுவை, பாட்டு, சிற்பம் எல்லாம் சேர்ந்த ஆள். சரித்திரத்திலும் அப்படித்தான். செங்கலும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் கோயில் குடைந்தேன் என்று மண்டகப்பட்டுக் கல்வெட்டில் ‘விசித்திரசித்தன்’ என்ற பெயரில் பெருமைப்பட்டுக்கொண்டவர். நம் காஞ்சித் தெருக்களையே களமாக வைத்து ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற சிரிப்பு நாடகத்தை வடமொழியில் எழுதியவர். அப்படிப்பட்ட ராஜாவை யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால் இப்போது படிக்கிறபோது அவர் செய்கிற ஒரு காரியம் உறுத்துகிறது. சிற்பியின் மகள் தன் மகனுக்கு மனைவியாகக் கூடாது என்று முடிவு செய்து, அதை நேரடியாகச் சொல்லாமல், கலை தெய்வத்துக்குரியது என்ற பெரிய வார்த்தைகளால் சொல்லி, இருவரையும் பிரித்து வைக்கிறார். கலைஞர்களை அவர் உண்மையாகவே மதிக்கிறார். மதித்துக்கொண்டே அவர்களைக் காய் நகர்த்துகிறார். எதிரியை விருந்தாளியாக ஊருக்குள் அழைத்து, சபையில் சிவகாமியை ஆடவும் வைக்கிறார். கடைசியில் தன் பிழைகளைத் தானே ஒப்புக்கொண்டு சாகிற மகேந்திரரைக் கல்கி படைத்திருப்பதுதான் அந்தப் பாத்திரத்தின் உயரம். தமிழ் வாசகர்கள் கொண்டாடுகிற ஒரு மன்னனைத் தன் சபை முன் குற்றவாளியாக நிறுத்த அன்றைக்குத் துணிச்சல் வேண்டும்.

எங்கள் ஓரிக்கைக்கு ஒரு ஐதீகம் உண்டு, உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பல்லவ ராஜா தன்னைப் பாடச் சொன்னான். திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணன் மாட்டேன் என்றார். ஊரை விட்டுப் போ என்றான் ராஜா. சீடரோடு ஆழ்வார் கிளம்பினார். ஆழ்வார் சொன்னதைக் கேட்டு, திருவெஃகாவில் படுத்திருந்த பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார். அன்று ராத்திரி மூவரும் தங்கிய இடம் எங்கள் ஊர் என்பார்கள். ஆயனரைப் படித்த பிறகு இந்தக் கதை எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டது. அரண்மனைக்கு முதுகைக் காட்டிவிட்டுப் போகிற வாய்ப்பு கணிகண்ணனுக்குக் கிடைத்தது. ஆயனருக்கும் சிவகாமிக்கும் அது கிடைக்கவில்லை.

இன்னொரு விஷயமும் இப்போதுதான் கண்ணில் பட்டது. நாவல் ‘கல்கி’ பத்திரிகையில் 1944 முதல் 1946 வரை தொடராக வந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் சென்னைப் பட்டணமே பாதி காலியாகியிருந்தது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறி வெளியூர்களுக்கு ஓடினார்கள். அதைப் பார்த்த எழுத்தாளர்தான் இரண்டே வருஷத்தில் ‘காஞ்சி முற்றுகை’ எழுத உட்கார்ந்தார். கோட்டைக்குள் தானியம் எத்தனை நாளைக்கு வரும், யாரை வெளியே அனுப்புவது, வதந்தியை எப்படி அடக்குவது என்று வருகிற பக்கங்களில் ஏழாம் நூற்றாண்டோடு கூடவே யுத்தகாலச் சென்னையும் இருக்கிறது. அன்றைய வாசகர்களுக்கு இதைச் சொல்லித் தந்திருக்க வேண்டியதில்லை.

எல்லாமே பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். நாகநந்தி பிக்ஷு விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. பிக்ஷு என்றாலே ஒற்றன், சதிகாரன் என்று ஒரு சந்தேகம் நாவல் நெடுகப் படிந்து கிடக்கிறது. அந்தக் காலத்துக் காஞ்சி அப்படி இல்லை. அதே நூற்றாண்டில் எழுதிய சீன யாத்திரிகர் யுவான் சுவாங் இங்கே 100-க்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் 10,000 பிக்குகளும் இருந்ததாகக் குறித்திருக்கிறார். நாளந்தாவின் தலைவராக இருந்த தர்மபாலர் காஞ்சிக்காரர். மணிமேகலை வந்து சேர்கிற ஊரும் இதுதான். வேகவதிக்கு அந்தப் பக்கம் திருப்பருத்திக்குன்றத்தில் சமணக் கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. இத்தனை மதங்கள் ஒரே ஊரில் வாதம் பண்ணிக்கொண்டு வாழ்ந்த காலத்தை ஒரு காவி உடைச் சதியாகச் சுருக்கியது நியாயமில்லை. மகேந்திரரின் சொந்த நாடகத்திலேயே காபாலிகன் தன் கபாலம் காணோம் என்று ஒரு பௌத்த பிக்கு மேல் பழி போடுவான். கடைசியில் அதைத் தூக்கிக்கொண்டு போனது நாய் என்று தெரியவரும். ராஜா கேலி பண்ணிவிட்டு பிக்குவை விடுவித்துவிடுகிறார். கல்கி விடுவிக்கவில்லை.

இருந்தாலும், ஆயனரின் கலையை உண்மையாகப் புரிந்துகொண்ட ஆள் கதையில் யார் என்று யோசித்தால் நாகநந்தியைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த முரணை எழுதியதால்தான் மூன்றாம் பாகம் இன்றைக்கும் நிற்கிறது.

படித்து முடித்த கையோடு கயிலாசநாதர் கோயிலுக்குப் போனேன். நாவல் காலத்துக் கோயில் இல்லை அது. மாமல்லரின் கொள்ளுப்பேரன் ராஜசிம்மன் கி.பி. 700 வாக்கில் கட்டியது. மதிலை ஒட்டிச் சுற்றிலும் 58 சிறு சன்னதிகள். சிலவற்றுக்குள் குனிந்து எட்டிப் பார்த்தால் சுவரில் பல்லவர் காலத்துச் சித்திரத்தின் மிச்சம் இருக்கிறது. ஒரு கிரீடத்தின் விளிம்பு, ஒரு கை, ஒரு கண்ணின் வளைவு. காவிக்கல் சிவப்பும் கொஞ்சம் மஞ்சளும். மற்றதெல்லாம் உதிர்ந்து சுண்ணாம்பு தெரிகிறது. ஆயனர் கேட்ட கேள்வி அங்கே சுவரிலேயே இருக்கிறது. வெகுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே கோயிலில் பார்க்க வேண்டியது இன்னொன்று. முன்மண்டபத் தூண் ஒன்றில் பழைய கன்னடத்தில் ஒரு கல்வெட்டு. வாதாபியை மாமல்லர் பிடித்தது 642. அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 740 வாக்கில், சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பழி வாங்க எல்லாக் காரணமும் இருந்தது. அவன் வெட்டிவைத்த வாசகம் என்ன தெரியுமா? இந்தக் கோயிலின் செல்வத்தைக் கண்டு, எடுத்துக்கொள்ளாமல், தெய்வத்துக்கே திருப்பிக் கொடுத்தேன் என்கிறான். அவனுடைய ராணி லோகமகாதேவி, காஞ்சி வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் ஒரு கோயில் எழுப்பினாள். இன்றைக்கு விருபாட்சர் கோயில் என்கிறார்கள். நம் கயிலாசநாதர் கோயிலின் சாயல் அதில் அப்படியே இருக்கிறது. அதைக் கட்டிய சிற்பாசாரியின் பெயரும் அங்கே கல்வெட்டில் இருக்கிறது: குண்டன் அனிவாரிதாசாரி. எதிரி ஊரில் ஒரு ஆயனருக்குப் பெயர் பொறித்து மரியாதை செய்திருக்கிறார்கள். வாதாபி எரிந்த பக்கத்தில் எழுந்து நின்ற எந்தச் சிறுமிக்கும் அந்தக் கன்னடத் தூணை யாராவது கூட்டிப்போய்க் காட்டியிருக்க வேண்டும்.

‘பார்த்திபன் கனவு’ பற்றி ஒரு வார்த்தை. கல்கி அதை முதலில் எழுதிவிட்டார். அதற்கப்புறம்தான் சிவகாமியின் கதைக்கு வந்தார். கதை நடக்கிற வரிசை தலைகீழ். சின்ன வயசில் அது எனக்கு மர்மக் கதை. சிவனடியார் யார் என்று கண்டுபிடித்துவிட்டால் முடிந்தது. இந்த முறை சபதத்தை முடித்துவிட்டு அதை எடுத்தேன். போர்க்களத்தில் தான் வீழ்த்திய சோழனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, பேரரசன் ஒருவன் சிவனடியார் வேஷத்தில் அந்தச் சோழனின் மகனைப் பின்தொடர்ந்து பாதுகாக்கிறான். வாதாபிக்குப் பிறகான மாமல்லர் அவர் என்று தெரிந்து படிக்கையில், அந்த வேஷத்துக்குள் ஒரு பிராயச்சித்தம் தெரிகிறது. கல்கி அப்படித் திட்டமிட்டாரா என்பது முக்கியமில்லை. வரிசை மாற்றிப் படிக்கிறவர்களுக்கு அது கிடைக்கும். ‘பொன்னியின் செல்வ’னைத் தொட்டால் இந்தப் பதிவு முடியாது, இன்னொரு நாள் பார்க்கலாம்.

சிவகாமி கடைசியில் எங்கே போகிறாள் என்று நினைவிருக்கிறதா? மாமல்லருக்கு மணமாகிப் பிள்ளைகளும் இருப்பது காஞ்சிக்குத் திரும்பி வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது. அவள் ஏகாம்பரநாதரையே மணாளனாக வரித்து, அவர் சன்னதியில் அப்பர் பாடிய தாண்டகத்துக்கு ஆடுகிறாள். முதல் பாகத்தில் இளம்பெண்ணாக அப்பர் மடத்தில் ஆடிய அதே பதிகம். பத்து வயசில் இந்த முடிவு பிடிக்கவே இல்லை, கல்கி மேல் கோபமாக இருந்தது. இப்போதும் நிம்மதியான முடிவு என்று சொல்ல மாட்டேன். இரண்டு ராஜாக்களும் ஒரு பிக்ஷுவும் ஆளுக்கொரு பக்கம் இழுத்த ஒரு பெண்ணுக்கு, யாரும் பிடுங்க முடியாத ஒன்றாக அவள் ஆட்டம் மட்டும் மிஞ்சியது. அதை எழுதும்போது கல்கிக்கு அவள் மேல் இருந்த மரியாதை ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. சரித்திர நாவல் என்றாலே வாள்வீச்சு என்று நினைக்கிறவர்கள் அந்தக் கடைசி அத்தியாயத்தைப் படிக்க வேண்டும். தமிழில் எழுதப்பட்ட மிக நல்ல முடிவுகளில் அது ஒன்று என்பது என் தீர்மானமான எண்ணம்.

அப்பாவுக்கு இப்போது கண் மங்கல், தறி நிறுத்தியாகிவிட்டது. மூன்றாம் பாகத்திலிருந்து மறுபடியும் அவருக்கு வாசித்துக்கொண்டிருக்கிறேன். யானை அத்தியாயம் வேண்டாமா என்று கேட்டேன். "அது தெரியும். அந்தச் சிற்பிக்கு என்னாச்சுன்னு படி" என்றார்.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது, மலிவுப் பதிப்புகள் நிறையக் கிடைக்கின்றன. காஞ்சிபுரம் வந்தால் சேலைக் கடைக்குப் போகும் முன் கயிலாசநாதர் கோயிலுக்குப் போய், மண்டபத்தில் அந்தக் கன்னடத் தூண் எது என்று விசாரித்துப் பாருங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.